பதினாறு நாள் லீவு

அத்தியாயம் 14

போன வார அத்தியாயத்தில் தாட்சாயிணி கோலாலம்பூரில் விமானம் ஏறினாள். இந்த வாரம், ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மஞ்சக்குப்பத்தில் அண்ணன் வீட்டு வாசலில் வாடகைக் காரிலிருந்து இறங்கினாள்.

கூடப்பிறந்த தங்கை நல்லபடியாக வந்து இறங்குவதைப் பார்த்து இவ்வளவு பயந்த அண்ணன் கடலூர் மாவட்டத்திலேயே வேறு யாரும் இருந்திருக்க முடியாது. சுப்பிரமணியன் கையில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வாயில் இருந்த நுரையைத் துப்பக்கூடத் தோன்றவில்லை.

“என்னண்ணா, பேயறஞ்சாப்புல நிக்கற?” என்றாள் தாட்சாயிணி.

“ஒண்ணுமில்ல. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறியே.”

“சொன்னா வேணாம்பே. புள்ள போன்ல அழுவுது. அட்டெண்டன்ஸ் பத்தலயாம், பரிச்ச எழுத உட மாட்டாங்களாம், வீட்டுலருந்து வந்து கையெழுத்துப் போடணுமாம். இன்னிக்கு நாலு மணியோட சரியாம். பெத்தவ நான் இருக்கையில வேற யாரு போடுவா?”

சுப்பிரமணியன் நுரையை விழுங்கினார். பெத்தவள் இல்லை என்றுதான் கல்லூரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

விட்ட வாரங்களைப் படிக்காதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சில கூத்துகளை இரண்டாம் தரம் கேட்டால்தான் நம்ப முடிகிறது.

மதுரா, தாட்சாயிணிக்கு ஒரே மகள். மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். சிதம்பரத்தை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் பி.பார்ம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இருப்பது விடுதியில். மாமா சுப்பிரமணியன்தான் பொறுப்பாளர் என்று கல்லூரிப் பதிவில் இருக்கிறது.

அந்தப் பொறுப்பை மாமா கொஞ்சம் ஜாஸ்தியாகவே எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் மதுரா கடலூர் பஸ்ஸில் இருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து தங்கச்சி பெண் வந்து படிக்கிறாள் என்றால் அதை நாலு பேருக்குக் காட்டாமல் எப்படி? பெண்ணாடத்தில் காது குத்தல். காடாம்புலியூரில் புதுவீடு புகுவிழா. பண்ருட்டியில் வளைகாப்பு. எங்கே போனாலும் முன்வரிசை நாற்காலியில் மதுராவை உட்காரவைத்து, “நம்ம தாட்சாயிணி மக, ஃபாரின்லருந்து வந்து படிக்கிது,” என்று சொன்னால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். படிக்க வந்த பெண் எப்போது படிக்கும் என்று பந்தியில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள் வகுப்பு போய்விடும். திங்கட்கிழமை காலையில் பலாப்பழச் சுளை கட்டிய தூக்கோடு அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எட்டரை மணி லேப் முடிந்திருக்கும். வகுப்புத் தோழிகள் மூன்று தடவை பிச்சாவரம் போய்ப் படகில் சுற்றிவிட்டு வந்தார்கள். மதுரா இந்த இரண்டு வருடத்தில் இருபத்து மூன்று கல்யாண மண்டபங்களைப் பார்த்துவிட்டாள், பிச்சாவரத்தைப் பார்க்கவில்லை.

அவளையும் முழுக்கப் பாவம் என்று சொல்லிவிட முடியாது. முதல் வருடம் அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியே காலியாகிவிடும். தனியாக உட்கார்ந்து மருந்துகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, யாரோ ஒரு பெரியம்மா இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுவது நன்றாகத்தானே இருக்கும்?

லீவு எடுக்கும் வேலையை மாமா பார்த்துக்கொண்டார். ஒரு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக நிர்வாகப் பிரிவில் இருப்பவர். ஆயிரக்கணக்கான லீவு விண்ணப்பங்களைப் பார்த்தவர். கல்யாணம் என்றால் ஒரு நாள் கொடுப்பார்கள், உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சீட்டு கேட்பார்கள், சாவு என்றால் மட்டும் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் பெண்ணாடம் காது குத்தலுக்கு மதுராவின் அப்பாவைப் பெற்ற பாட்டி காலமானார். காடாம்புலியூருக்குத் தாத்தா. இரண்டு பேரும் மதுரா பிறப்பதற்கு முன்பே நிஜமாகப் போய்ச் சேர்ந்தவர்கள், ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை.

பிப்ரவரியில் மாமாவின் மகள் அனுப்பிரியா பெரியவளானாள். பதினாறாம் நாள் மஞ்சள் நீராட்டு. முதல் தண்ணீர் அத்தைதான் ஊற்ற வேண்டும். அதுவரை அத்தை வீட்டுப் பெண் கூடவே இருந்து பார்த்துக்கொள்வது அவர்கள் வழக்கம். தாட்சாயிணிக்கு அப்போது வர முடியவில்லை. போனில் மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: “என் எடத்துல நீ இருந்து செய்யி. ஒரு நாளும் கொறயக் கூடாது. எங்கண்ணன் மொகத்துல நான் முழிக்கணும்.”

தாத்தாவுக்கு இரண்டு நாள்தான் லீவு கிடைத்தது. பதினாறு நாள் வேண்டுமென்றால் அதற்கேற்ற சாவு வேண்டும். சுப்பிரமணியன் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார். விடிந்ததும் எழுதினார்: சிகிச்சைக்காகக் கடலூர் வந்திருந்த என் ஒரே தங்கை தாட்சாயிணி இருதயக் கோளாறால் காலமாகிவிட்டபடியால், ஈமக்கிரியைகளுக்காக அன்னாரின் ஒரே மகள் மதுராவுக்கு...

அந்தப் பதினாறு நாளும் கல்லூரிக் காகிதத்தில் கருமாதி நடந்தது. மஞ்சக்குப்பத்தில் சடங்கு நடந்தது.

இப்போது பரீட்சை வருகிறது. எழுபத்தைந்து சதவீத வருகை வேண்டும். மதுராவுக்கு அறுபத்தேழு. தக்க காரணம் இருந்தால் மன்னித்து அனுமதிக்கத் துறைத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. மதுராவின் கோப்பில் இருக்கும் ஒரே தக்க காரணம் அம்மாவின் சாவு. அம்மா உயிரோடு இருந்தால் பரீட்சை இல்லை, ஒரு வருடம் போயிற்று, பொய்க் கடிதத்துக்குத் தனி விசாரணை வேறு.

அந்த அம்மாதான் இப்போது மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மைலோ டப்பாவையும் கோடாலித் தைலத்தையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சுப்பிரமணியன் செல்போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார்.

“மதுரா, உங்கம்மா வந்துட்டாம்மா.”

எதிர்ப்பக்கம் ஒரு நோட்டு கீழே விழுந்தது. பிறகு, “எங்க மாமா?” என்று கேட்டது.

“வீட்டுல. தோச சாப்டுகினு இருக்கா.”

“மாமா, அம்மாவ இங்க கொண்டாறாதீங்க. அம்மா இல்லாதவ, அப்பா தூரத்துல இருக்காரு, மாமா போட்டா போதும்னு எச்.ஓ.டி. சொல்லிட்டாரு. நீங்க மட்டும் வாங்க. ப்ளீஸ்லா மாமா.” பயம் வந்தால் அவள் பேச்சில் மலேசிய ‘லா’ தானாக ஒட்டிக்கொள்ளும்.

“நான் பாத்துக்கறேன்.”

“பிப்ரவரிலயும் இப்பிடித்தான் சொன்னீங்க,” என்றாள் மதுரா.

சுப்பிரமணியன் பார்த்துக்கொண்ட விதம் இது. ஆபீஸில் ஒரு அவசர வேலை, பதினொரு மணிக்கு வந்து அழைத்துப் போகிறேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, நேராகத் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்துக்குப் போனார். சிதம்பரம் பஸ் நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பாதிக்கு மேல் கஷ்டம் முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

கண்டக்டர் விசில் கொடுக்கும் நேரத்தில் மனைவி அமராவதி ஸ்கூட்டியில் வந்து பஸ்ஸுக்குக் குறுக்கே நின்றாள். பின்னால் தாட்சாயிணி.

“மூக்குக் கண்ணாடிய உட்டுட்டு வந்துட்டீங்க. கண்ணாடி இல்லாம எங்க கையெழுத்துப் போடுவீங்க?” என்றாள் அமராவதி ஜன்னல் வழியாக. “ஆபீசுக்குப் போன் போட்டா இன்னிக்கு லீவுன்றாங்க. ஏங்க, புள்ளயப் பாக்க இவ்ளோ தூரம் வந்தவள உட்டுட்டா போவீங்க? கூட்டினு போயி நடராசரயும் காட்டிட்டு வாங்க.”

அமராவதிக்கு எதுவும் தெரியாது. அந்த வீட்டில் நிம்மதியாக இருந்தது அவள் ஒருத்திதான்.

தாட்சாயிணி ஏறி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. “நான் களச்சிப் போயிருப்பேன்னுதான உட்டுட்டு வந்த? எனக்குத் தெரியும்ணா,” என்றாள்.

இப்படிப் பேசுகிறவளிடம் என்னவென்று சொல்வது? ஆலப்பாக்கத்தில் ஒரு தடவை வாயைத் திறந்தார். தாட்சாயிணி சடங்குப் போட்டோவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். மதுரா அனுப்பிரியாவுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற படத்தைப் பெரிதாக்கிக் கிள்ளான் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாளாம்.

“வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் காட்டுவேன். நான் வரலன்னா என்ன, எங்கண்ணனுக்கு செய்ய வேண்டியத எம்பொண்ணு நின்னு செஞ்சிடுச்சின்னு சொல்லுவேன்.”

“ம்.”

“லீவு சுளுவா குடுத்தாங்களாண்ணா?”

“குடுத்தாங்க, குடுத்தாங்க.”

புதுச்சத்திரத்தில் இரண்டாம் தடவை வாயைத் திறந்தார். பஸ்ஸில் பாட்டு போட்டுவிட்டார்கள். வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மூன்றாம் தடவை.

“தாட்சா, நீ கோயில்கிட்ட எறங்கிக்கயேன். சாமி பாத்துட்டு, பிரகாரத்துலயே செத்த படு. நான் ஒரு மணி நேரத்துல கையெழுத்தப் போட்டுட்டுப் புள்ளயயும் இட்டுனு வந்துடறேன்.”

“சாமி எங்கயும் போவாது. எனக்கு எம்பொண்ணப் பாக்கணும்.”

மதுரா அந்த நேரத்தில் விடுதியில் ரெக்கார்டு நோட்டுகளின் நடுவே உட்கார்ந்திருந்தாள். மூன்று நோட்டு முடிக்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் திங்கட்கிழமைக்குள் இவற்றைக் கொடுத்தால்தான் பிராக்டிகல். எழுத எழுத, மாமாவிடமிருந்து போன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றேகாலுக்கு வந்தது. கேட் கிட்ட நிக்கறோம் என்றார். ‘நிக்கறோம்’ என்று கேட்டதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

பத்து மாதமாகப் பார்க்காத அம்மா. ஓடித்தான் போனாள். கேட்டுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் கொட்டகை ஓரமாக, தாட்சாயிணி இரண்டு கையாலும் மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, “எளச்சிப் போயிட்டடி, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சி,” என்றாள். மதுரா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்படியே ஐந்து நிமிடம் இருக்க விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னாலேயே அவளுடைய அறைத்தோழி ஒரு நோட்டோடு வந்தாள். “மதுரா, இத வெச்சிட்டு வந்துட்ட. யாருப்பா இவங்க?”

“சித்தி,” என்றாள் மதுரா.

யோசித்துச் சொன்னதில்லை. பயத்தில் வாயில் வந்த வார்த்தை. ஆனால் அம்மாவின் கைகள் அவள் முதுகில் அசையாமல் நின்றுவிட்டது அவளுக்குத் தெரிந்தது.

தோழி நல்ல பெண். தாட்சாயிணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆன்ட்டி, நீங்க கவலப்படாதீங்க. மதுராவ நாங்க பாத்துக்கறோம். அவங்கம்மா போனதுலருந்து ஒரு மாசம் சரியா சாப்புடவே இல்ல. இப்பதான் கொஞ்சம் தேறியிருக்கா.” நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தாட்சாயிணி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“எந்த அம்மாடி போனது?”

மதுரா சொன்னாள். பாட்டி, தாத்தா, பதினாறு நாள், கடிதம், அறுபத்தேழு சதவீதம் எல்லாம் சொன்னாள். பாதியில் அழுகை வந்து சொல்ல முடியாமல் போன இடங்களைச் சுப்பிரமணியன் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். தாட்சாயிணி கொட்டகையின் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

“யாரு எழுதுனது?”

“நான்தான்,” என்றார் சுப்பிரமணியன்.

“என் பேர எழுதறப்ப கை நடுங்கலயாண்ணா உனக்கு?”

“டைப் அடிச்சேன்,” என்றார் அவர். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவருக்கே உறைத்தது.

தாட்சாயிணி மகள் பக்கம் திரும்பினாள். “அழுதியாமே நீ. நல்லா நடிச்சிருக்க.”

“நடிக்கலம்மா,” என்றாள் மதுரா. “முதல்ல சும்மாதான் தலய குனிஞ்சிக்கிட்டு இருந்தேன். எல்லாரும் வந்து வந்து ஆறுதல் சொன்னாங்க. தினமும் சொன்னாங்க. அப்புறம் நீங்க நெசமாவே இல்லாத மாதிரி ஆயிடுச்சி. உங்களுக்குப் போன் போட்டுக் குரல் கேட்டாத்தான் தூக்கம் வரும். நெசமாத்தான் அழுதேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?”

“எப்பிடி சொல்றது? ஒரு நாளும் கொறயக் கூடாதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க.”

அப்படிச் சொன்னது தாட்சாயிணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருந்தது.

கேட் காவலாளி வந்து, துறைத் தலைவர் மூன்று மணிக்கு மேல் கூட்டத்துக்குப் போய்விடுவார், வந்திருக்கும் பெற்றோர் எல்லாரும் உடனே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

“நீ இங்கயே இரு தாட்சா. நான் போயி போட்டுட்டு வந்துடறேன். அப்பறம் என்ன செருப்பால அடி,” என்றார் சுப்பிரமணியன்.

தாட்சாயிணி எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். “நானும் வரேன்.”

“வந்து என்ன சொல்லப் போற?”

“தெரியல.”

“அம்மா, உண்மைய சொன்னீங்கன்னா என்ன வெளிய அனுப்பிடுவாங்க,” என்றாள் மதுரா. அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அப்பாகிட்ட என்ன சொல்லுவேன்? இன்னொரு வருசம் இதே ஊர்ல, எல்லாருக்கும் தெரிஞ்சி, நான் எப்பிடிம்மா இருப்பேன்?”

தாட்சாயிணி கையை விடுவித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி உள்ளே நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

துறைத் தலைவர் கோவிந்தசாமி கண்டிப்பான ஆளாக இருந்திருந்தால் இவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் நல்ல மனிதர். தாயில்லாத பெண் என்று மதுராவிடம் தனிக் கரிசனம் வைத்திருப்பவர். அவர்கள் உள்ளே வந்ததும் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார்.

“வாங்க சார். உக்காருங்கம்மா. நீங்க?”

சுப்பிரமணியன் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். மதுரா மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாட்சாயிணி இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தாள்.

“நான் இந்தப் பொண்ணுக்கு சித்தி சார்.”

மதுரா கண்ணை மூடிக்கொண்டாள்.

கோவிந்தசாமி கோப்பைப் புரட்டி அந்தக் கடிதத்தை எடுத்தார். படித்தவர் நிமிர்ந்து பார்த்தார். “என் ஒரே தங்கைன்னு சார் எழுதியிருக்காரே. அப்ப நீங்க...”

சுப்பிரமணியன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறு வருட அனுபவத்தில் இந்த ஓட்டை அவருக்குத் தோன்றவே இல்லை.

“நான் இவங்கப்பாவோட தம்பி சம்சாரம் சார்,” என்றாள் தாட்சாயிணி. “ஒரே வீட்டுலதான் இருந்தோம்.”

“அப்ப மதுராவோட அம்மாவ உங்களுக்கு நல்லாத் தெரியும்.”

“தெரியும் சார்.”

“கடைசி நேரத்துல கூட இருந்தீங்களாம்மா?”

“இருந்தேன்.”

“ரொம்ப கஷ்டப்பட்டாங்களா?”

தாட்சாயிணி அவர் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். “இல்ல சார். போனதே அவளுக்குத் தெரியாது.”

கோவிந்தசாமி தலையை ஆட்டினார். பிறகு, இதைக் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டார். “பொண்ணப் பத்தி எதாவது சொல்லிட்டுப் போனாங்களா?”

“சொன்னா சார்.” தாட்சாயிணியின் குரல் அதுவரை ஒழுங்காக இருந்தது. இப்போது தடுமாறியது. “கடல் தாண்டி ஒரே புள்ளய படிக்க அனுப்பிட்டு, அந்த வீட்டுக்குப் போ, இந்த சடங்குக்குப் போ, என் மானத்தக் காப்பாத்துன்னு போன்லயே வேல வாங்குனா. படிக்கிறியா, சாப்புட்டியா, ஒன்னால முடியிதான்னு ஒரு நாளும் கேக்கல. அதச் சொல்லித்தான் சார் அழுதா. நல்லாப் படிக்க உடுங்க அவளன்னு சொன்னா.”

சுப்பிரமணியன் வாய்விட்டு அழுதார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சமில்லாமல் அழுதார். தங்கையைப் பறிகொடுத்த அண்ணன் என்று கோவிந்தசாமி நினைத்துக்கொண்டார். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“வருத்தப்படாதீங்க சார். இந்தப் பொண்ணு பரீட்சை எழுதும். அதுக்கு நான் பொறுப்பு,” என்றார்.

படிவத்தில் சுப்பிரமணியன் கையெழுத்துப் போட்டார். கோவிந்தசாமியும் போட்டார். ஆபீஸ் முத்திரை இருக்கும் மேசையைப் பூட்டிக்கொண்டு கிளார்க் டீ குடிக்கப் போயிருந்தார். வெளியே நில்லுங்கள், வந்ததும் முத்திரை வைத்து நானே கொண்டுவந்து தருகிறேன் என்றார் கோவிந்தசாமி.

மூன்று பேரும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். மூன்று மணி ஆக ஐந்து நிமிடம் இருந்தது. மதுராவின் ஒரு வருடம் தப்பித்துவிட்டது. ஆனால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“அண்ணா, நான் கடலூருக்கு வரல,” என்றாள் தாட்சாயிணி. “மெட்ராஸ் பஸ் எங்க நிக்கும்னு மட்டும் சொல்லு.”

“அப்பிடில்லாம் பேசாத தாட்சா. உங்கண்ணி உனக்குன்னு வஞ்சிர மீன் வாங்கி சமச்சி வெச்சிருப்பா.”

“செத்தவளுக்குப் படையல்தான் போடணும். எல போட்டு உக்கார வெக்கக் கூடாது.”

சுப்பிரமணியன் சுவரோடு சாய்ந்து நின்றார்.

தாட்சாயிணி மகளிடம் வந்தாள். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னாள்.

“நீ பரிச்ச எழுது. நல்லா எழுது. அம்மா இல்லாத பொண்ணுன்னு சொல்லித்தான எழுத உடறாங்க, அப்பிடியே இருந்து படிச்சி முடி. நான் இங்க நின்னா உன் வாயில எதனா வந்துடும். நான் போறேன்.”

“எங்க போறீங்க?”

“நான் இல்லாத எடத்துல எனக்கு என்ன வேல?”

சொல்லிவிட்டு மாடிப்படி பக்கம் நடந்தாள். பெட்டி கடலூரில் கிடந்தது. கையில் பர்ஸ் மட்டும்தான். புது ஊரில் வழி தெரியாதவள் நடக்கிற மாதிரி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

மதுரா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இன்னும் இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு மாதம் நின்றவளுக்கு அது பெரிய காரியம் இல்லை. படிவம் கைக்கு வந்த பிறகு ஓடிப்போய் அம்மாவைப் பிடித்துவிடலாம், காலில் விழலாம், எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

தாட்சாயிணியின் தலை படிக்கட்டு வளைவில் மறைந்தது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் குறைந்தது.

“அம்மா!” என்று கத்தினாள் மதுரா.

பிப்ரவரியிலிருந்து அடக்கி வைத்திருந்த குரல் அது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் பேசிக்கொண்டிருந்த மாணவிகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கீழே செருப்புச் சத்தம் நின்றது. பிறகு அதே சத்தம் வேகமாக மேலே ஏறி வந்தது. படிக்கட்டு வளைவில் தாட்சாயிணி மூச்சிரைக்க வந்து நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

அவள் மகளைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதுரா திரும்பினாள். அறை வாசலில் கோவிந்தசாமி நின்றிருந்தார். முத்திரை வைத்த படிவம் அவர் கையில் இருந்தது. அவர் மதுராவைப் பார்த்தார். சுவரோடு ஒட்டி நின்ற சுப்பிரமணியனைப் பார்த்தார். கடைசியாகப் படியில் நின்றவளை வெகுநேரம் பார்த்தார்.

“இப்ப யார அம்மான்னு கூப்பிட்ட மதுரா?” என்று மெதுவாகக் கேட்டார்.

(தொடரும்)